லாக் இருக்கிறது, ஆள் யார் என்றுதான் தெரியவில்லை: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

சர்வரில் ஆடிட் லாக் (யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு) ஓடுகிறது என்று சொல்லிவிட்டால் அலுவலகத்தில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஒரு நாள் விலைப்பட்டியல் ஃபைல் காணாமல் போகும். அல்லது மாதக் கடைசியில் ஒரு பில்லின் தொகை மாறியிருக்கும். அப்போதுதான் லாக்கைத் திறப்பார்கள். நேரம் இருக்கும், கம்ப்யூட்டர் பெயர் இருக்கும், என்ன நடந்தது என்பதும் இருக்கும். யார் என்ற இடத்தில் மட்டும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றிருக்கும். அந்தப் பாஸ்வேர்டு அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் தெரியும், கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ண வருகிற தம்பிக்கும் தெரியும்.

லாக் தானாக ஆளைக் கண்டுபிடிக்காது. லாகின் ஆனபோது எந்தப் பெயர் கொடுக்கப்பட்டதோ அதை எழுதி வைக்கும், அவ்வளவுதான். அதனால் 'யார்' என்பதற்குப் பதில் கிடைக்காதபோது லாக்கின் செட்டிங்கை மட்டும் துழாவிப் பயனில்லை. யாருக்கு எந்த ஐடி, எந்த உரிமை, எந்த வழியில் கொடுத்தோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

கீழே வருவதெல்லாம் ஆக்டிவ் டைரக்டரியோடு (அலுவலகத்தின் எல்லா ஐடிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி) ஒரு விண்டோஸ் சர்வர், ஒரு ஷேர் ஃபோல்டர், ஒரு கணக்கு மென்பொருள், வெளியிலிருந்து வந்து பார்க்கும் ஒரு வெண்டர் என்று இருக்கும் நடுத்தர அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியது. லினக்ஸும் கொஞ்சம் உண்டு. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

சம்பவம் நடந்துவிட்டது என்றால் முதல் வேலை செட்டிங் மாற்றுவது அல்ல. செக்யூரிட்டி லாக் சுழன்றுகொண்டே இருக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய வரிகள் அழிந்துகொண்டிருக்கும். லாக்கைத் திறந்து காட்டும் இவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக்கை முழுதாக ஒரு ஃபைலாகச் சேமித்து, அந்தச் சர்வரில் இல்லாமல் வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். ஃபைல் இருந்த சர்வர், சந்தேகப்படும் கம்ப்யூட்டர், டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) மூன்றிலும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. சேமிப்பதைச் செய்பவர் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் விசாரணை என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

"எல்லா வரியிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றே வருகிறது"

ஒரே ஐடியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இதில் கண்டுபிடிக்க வேறொன்றும் இல்லை. ஆனாலும் நடந்துபோன சம்பவத்துக்கு ஓரளவு வழி இருக்கிறது.

4624 என்ற எண்ணுள்ள இவென்ட், அதாவது லாக் பதிவு, ஒவ்வொரு வெற்றிகரமான லாகினுக்கும் விழும். அதில் லாகின் வகை என்று ஓர் எண் இருக்கும். 2 என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து நுழைந்தது. 3 என்றால் நெட்வொர்க் வழி, ஷேர் ஃபோல்டர் திறந்தாலும் இதுதான். 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். 3, 10 இரண்டிலும் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் கூடவே இருக்கும். அந்த முகவரி அந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி சேவையின் பதிவில் பார்த்தால் மேஜை வரை போய்விடலாம். அந்த மேஜையில் யார் இருந்தார் என்பதை லாக் சொல்லாது. அதற்கு வருகைப் பதிவேடோ கேமராவோதான். இந்த இடத்தில் ஊகித்து ஒருவர் பெயரை எழுதிவிடாதீர்கள். 'இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து' என்பதோடு நிறுத்துவதுதான் நேர்மை.

இனி நடக்காமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் தனி ஐடி. அட்மின் வேலை செய்பவருக்கு இரண்டு ஐடி: மெயில், பிரவுசர், எக்செல் பார்க்க ஒன்று, சர்வரில் கை வைக்க இன்னொன்று. முதல் ஐடிக்கு அட்மின் உரிமை கூடாது. விண்டோஸோடு கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஐடியைப் பெயர் மாற்றி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெயர் மாறினாலும் அதன் உள் அடையாள எண் 500 என்றுதான் முடியும். தெரிந்தவருக்கு அது ஒளிவே இல்லை. அதை அன்றாட வேலையிலிருந்து எடுத்துவிட்டு, நீளமான பாஸ்வேர்டு வைத்து, உறையில் போட்டு ஒட்டி நிர்வாகியின் பீரோவில் வைக்கலாம். உறை பிரிக்கப்பட்டால் பிரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு ஒன்றாகவே இருந்தால் அதுவும் இதே நோய். விண்டோஸ் லாப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் அப்டேட் முதல் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிப் பாஸ்வேர்டை அதுவே போட்டு, அதுவே மாற்றும். டைரக்டரியில் அதற்கான ஆடிட்டையும் போட்டுவிட்டால் அந்தப் பாஸ்வேர்டை யார் எடுத்துப் பார்த்தார் என்பதும் பதிவாகும்.

"எல்லோருக்கும் தனி ஐடி கொடுத்தால் லைசென்ஸ் செலவு கூடும்" என்று முதலாளி சொல்வார். சில மென்பொருள்களில் உண்மையாகவே கூடும். அந்தச் செலவையும், ஒரு முறை நடந்த குளறுபடிக்கு ஆறு பேரையும் சந்தேகப்பட்டு அலைந்த வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

"பெயர் தெளிவாக இருக்கிறது, ஆனால் அவர் 'நான் செய்யவில்லை' என்கிறார்"

முந்தையதைவிட இது மோசம். முன்னதில் லாக் 'தெரியாது' என்று சொன்னது. இதில் லாக் ஒருவரைக் கைகாட்டுகிறது, அந்தக் கை தப்பாகவும் இருக்கலாம்.

பிரிட்டனின் அஞ்சல் துறை நிறுவனத்தில் நடந்ததை இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. செய்து கொடுத்துப் பராமரித்தது ஃபுஜித்சு. கணக்கில் பணம் குறைகிறது என்று கிளை நடத்துநர்கள்மீது வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கணக்கில் பதிவாகியிருந்ததைக் கிளை நடத்துநரே செய்தது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கில் கை வைக்க முடியாது என்று நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. 2019 டிசம்பர் 16 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஃப்ரேசர் கொடுத்த தீர்ப்பு அதை உடைத்தது. ஃபுஜித்சுவின் பராமரிப்பு ஊழியர்களால் கிளை நடத்துநருக்குத் தெரியாமலே பதிவுகளை நுழைக்கவும் மாற்றவும் முடிந்தது. பழைய ஹொரைசனில் அப்படி நுழைத்த சில பதிவுகள் கிளைக் கவுண்டரிலேயே செய்ததுபோலத் தோன்றக்கூடியவை. அந்த உயர் உரிமை பெற்ற ஊழியர்கள் உள்ளே போய் என்ன செய்தார்கள் என்று லாக்கில் பார்க்கலாமா என்றால், 2015 வரை பல ஆண்டுகளுக்கு அவர்கள் உள்ளே வந்ததும் வெளியே போனதும் மட்டுமே பதிவாகியிருந்தன. இடையில் செய்தது பதிவில் இல்லை. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்துசெய்தது. 2024 மே மாதம் மற்றவர்களுக்காகத் தனிச் சட்டமே வந்தது. சிறை போனவர்களுக்கும், வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்களுக்கும் அது காலம் கடந்த நீதி.

உங்கள் அலுவலகத்தில் இவ்வளவு பெரிய விபரீதம் இருக்காது. ஆனால் அமைப்பு அதேதான்: ஒருவர் பெயரில் இன்னொருவர் செயல்பட வழி இருக்கிறது, அந்த வழி லாக்கில் தெரியவில்லை. அந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எனிடெஸ்க் போன்ற ரிமோட் மென்பொருள்தான் நான் முதலில் பார்ப்பது. வெண்டர் அதன் வழியாக வரும்போது விண்டோஸில் புதிய லாகின் எதுவும் நடப்பதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் திரையில் அவர் மவுசைப் பிடிக்கிறார். அவர் செய்வதெல்லாம் அந்த மேஜைக்காரரின் பெயரில் விழும். செக்யூரிட்டி லாக்கில் எவ்வளவு தேடினாலும் வெண்டர் கிடைக்க மாட்டார். அந்த மென்பொருள் தனியாக வைத்திருக்கும் இணைப்புப் பதிவில்தான் எந்த நேரத்தில் எந்த ஐடி இணைந்தது என்று இருக்கும். அதைச் சம்பவ நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஆள் இல்லாமலே இணைய ஒரு நிரந்தரப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தால் இன்றே எடுங்கள். வெண்டருக்கு அவர் பெயரிலேயே ஒரு ஐடி கொடுத்து, வேலை இருக்கும் அன்று மட்டும் திறந்துவிட்டு, முடிந்ததும் மூடிவிடலாம்.

அடுத்தது 4648. ஒருவர் தன் ஐடியில் இருந்துகொண்டே இன்னொருவரின் ஐடி, பாஸ்வேர்டைக் கொடுத்து எதையாவது திறந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் இந்த இவென்ட் விழும். இருப்பவர் பெயரும், பயன்படுத்திய பெயரும் இரண்டும் அதிலேயே இருக்கும். பாஸ்வேர்டு இரவல் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

லாகின் வகை 4 அல்லது 5 என்றிருந்தால் அது மனிதர் செய்ததே அல்ல. குறித்த நேரத்தில் ஓடும் டாஸ்க்கோ, பின்னணியில் ஓடும் சர்வீஸோ அவர் ஐடியில் அமைக்கப்பட்டிருக்கிறது. பேக்கப் புரோகிராமை நிறுவிய அன்று கைக்குக் கிடைத்த ஐடியைப் போட்டிருப்பார்கள், அதோடு மறந்திருப்பார்கள். சர்வீஸுக்குச் சர்வீஸ் ஐடிதான். மனிதரின் ஐடி கூடாது.

கடைசியாக, பூட்டாத திரை. "சாப்பிடப் போயிருந்தேன்" என்பது உண்மையா என்று பார்க்க 4800, 4801 உதவும். திரை பூட்டியதையும் திறந்ததையும் அவை சொல்லும். ஆனால் 'அதர் லாகான், லாகாஃப் இவென்ட்ஸ்' என்ற துணைப்பிரிவை, எதையெல்லாம் பதிய வேண்டும் என்று சொல்லும் ஆடிட் பாலிசியில் முன்பே போட்டிருந்தால்தான் கிடைக்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் போடும் குரூப் பாலிசியில், பத்து நிமிடத்தில் திரை தானாகப் பூட்டும்படி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதியாகிவிடும். முதல் வாரம் எல்லோரும் திட்டுவார்கள்.

"ஃபைல் அழிந்திருக்கிறது, லாக்கில் ஒரு வரிகூட இல்லை"

விண்டோஸில் ஃபைல் ஆடிட்டுக்கு இரண்டு சுவிட்ச், இரண்டும் போட்டால்தான் எரியும். பாலிசியில் ஆப்ஜெக்ட் அக்சஸ் பிரிவின்கீழ் ஃபைல் சிஸ்டம் ஆடிட்டை இயக்க வேண்டும். அதோடு, குறிப்பிட்ட ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு போய், ஆடிட்டிங் தாவலில் யாருடைய எந்தச் செயலைப் பதிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு லாக் வரவில்லை என்று தேடுவோர் ஏராளம்.

இரண்டும் செய்தும் வரவில்லையா? பழைய ஆடிட் பாலிசியின் ஒன்பது பிரிவுகளையும், புதிய அட்வான்ஸ்டு பாலிசியையும் கலந்து போட்டிருக்கலாம். ஒன்று மற்றொன்றை மறைக்கும். திரையில் என்ன தெரிகிறது என்பதை நம்பாமல், உண்மையில் எது அமலில் இருக்கிறது என்பதை ஆடிட்பால் கட்டளையால் பாருங்கள். இன்னொன்று, லாக் விழுவது ஃபைல் இருக்கும் சர்வரில். யூசரின் கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது.

ஆடிட் இயங்கினால் 4663 வரும். அதில் 'டெலீட்' என்ற உரிமை பயன்பட்டதாக இருந்தால் உடனே அவர்மீது பாய வேண்டாம். ஃபைலின் பெயரை மாற்றினாலும், அதே டிரைவில் வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாலும் அதே உரிமைதான் பயன்படும். நிஜமாகவே அழிந்தால்தான் கூடவே 4660 வரும். அதில் ஃபைல் பெயர் இருக்காது. ஹேண்டில் ஐடி என்ற எண்ணை வைத்து 4663 உடன் பொருத்த வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பது 4663இல் இருக்காது. அதிலுள்ள லாகான் ஐடியை எடுத்து, அதே எண்ணுள்ள 4624ஐத் தேடினால் ஐபி முகவரி வந்துவிடும். முதல் தடவை தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

இப்போது உரிமை விஷயம். ஷேர் ஃபோல்டரில் 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு உரிமை கொடுத்திருந்தால், ஆடிட் சரியாக ஓடினாலும் பயன் குறைவுதான். நாற்பது பேரும் அழிக்கலாம் என்றால் நாற்பது பேரின் ஒவ்வொரு செயலையும் பதிய வேண்டியிருக்கும், லாக் வெள்ளமாகப் பெருகும். விலைப்பட்டியலை மாற்ற நான்கு பேருக்குத்தான் தேவை என்றால் அவர்களை ஒரு குரூப்பில் போட்டு மாற்றும் உரிமை கொடுங்கள், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். அப்போது ஆடிட்டில் அழித்தல், எழுதுதல், உரிமை மாற்றுதல் மட்டும் போதும். படிப்பதை எல்லாம் பதியாதீர்கள். சம்பளப் பட்டியல் மாதிரி யார் பார்த்தார் என்பதே முக்கியமான ஃபோல்டர் என்றால் அதற்கு மட்டும் போடுங்கள்.

"லாக் நேற்று மதியத்துக்கு முன்னால் எதுவும் காட்டவில்லை"

இரண்டு காரணம் உண்டு. ஒன்று அப்பாவித்தனமானது, மற்றது அல்ல.

அப்பாவித்தனமானது அளவு. விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் செக்யூரிட்டி லாக்கின் இயல்பான அளவு 20 எம்பிதான். நிரம்பியதும் பழையதன்மேல் புதியது எழுதப்படும். ஆடிட்டை அதிகமாகப் போட்ட கம்ப்யூட்டரில் இது சில மணி நேரத்தில் சுழன்றுவிடும். அளவைக் கூட்டுங்கள். இந்தியாவில் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவலும் கொடுக்க வேண்டும். 20 எம்பியில் 180 நாள் நிற்காது.

மற்றது, யாரோ அழித்தது. செக்யூரிட்டி லாக்கை அழித்தால் அழித்த கையோடு 1102 என்ற இவென்ட் விழும், அழித்தவர் பெயரோடு. சிஸ்டம், அப்ளிகேஷன் லாக்குகளை அழித்தால் சிஸ்டம் லாக்கில் 104. ஆடிட் பாலிசியையே யாராவது குறைத்திருந்தால் 4719. இந்த மூன்று எண்களையும் முதலில் தேடிவிடுங்கள்.

தேடினால் மறுபடி அதே பள்ளத்தில் விழுவீர்கள்: 1102இல் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றிருக்கும். லாக்கை அழிக்கும் உரிமை இயல்பாகவே அட்மின் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. 'ஏதோ மென்பொருள் ஓடவில்லை' என்று ஒவ்வொரு யூசரையும் லோக்கல் அட்மினாக ஆக்கி வைத்திருந்தால், ஒவ்வொருவர் கையிலும் அழிப்பான் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மென்பொருளுக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் அதன் ஃபோல்டரில் எழுதும் உரிமை மட்டும்தான். அதை மட்டும் கொடுத்துவிட்டு அட்மின் குரூப்பிலிருந்து எடுங்கள். லாக்கைப் படிக்க மட்டும் வேண்டியவர்களை, உதாரணமாக உள் தணிக்கையாளரை, 'இவென்ட் லாக் ரீடர்ஸ்' குரூப்பில் சேர்த்தால் போதும். அட்மின் ஆக்க வேண்டியதில்லை.

சரி, அட்மினையே யார் கண்காணிப்பது? அவர் சர்வரில் இருக்கும் லாக்கை அவரால் அழிக்க முடியும், அதைத் தடுக்க முடியாது. அழிப்பதற்குள் பிரதி வேறிடம் போய்விட வேண்டும். விண்டோஸ் இவென்ட் ஃபார்வர்டிங் கூடுதல் பணம் இல்லாமல் இதைச் செய்யும். ஒரு தனிக் கம்ப்யூட்டரைக் கலெக்டராக வைத்து எல்லா லாக்கும் அங்கே வந்து சேரும்படி அமைக்கலாம். அந்தக் கலெக்டரில் சர்வர் அட்மினுக்கு உரிமை இருக்கக் கூடாது. அது டொமைனிலேயே இருந்து, அதே டொமைன் அட்மின் அதையும் ஆண்டால், செய்த வேலைக்கு ஒரு மதிப்பும் இல்லை. சிறிய அலுவலகத்தில் ஐடி ஆளே ஒருவர்தான், யாரிடம் பிரிப்பது என்று கேட்பார்கள். கலெக்டரின் பாஸ்வேர்டு நிர்வாகியிடமோ ஆடிட்டரிடமோ இருக்கட்டும். ஐடி ஆளுக்கும் அது நல்லதுதான். 'நீதான் அழித்தாய்' என்று யாரும் சொல்ல முடியாது.

"டேட்டாபேஸ் லாக்கில் ஒரே ஒரு யூசர்தான் இருக்கிறார்"

மென்பொருளுக்குள் இருபது பேர் தனித்தனி ஐடியில் நுழைகிறார்கள். ஆனால் மென்பொருள் பின்னால் போய் டேட்டாபேஸைத் தொடும்போது எல்லா உரிமையும் உள்ள 'எஸ்ஏ' என்ற ஒரே ஐடியில் போகிறது. அதனால் டேட்டாபேஸின் பார்வையில் எல்லாம் ஒரே ஆள். மருத்துவமனை, பள்ளி, கடை மென்பொருள்கள் நிறையவே இப்படித்தான் இருக்கின்றன.

இரண்டு வேலை. மென்பொருளை எழுதியவரிடம் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் உண்மையான யூசரின் பெயரை டேட்டாபேஸுக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் செஷன் காண்டெக்ஸ்ட், ஆரக்கிளில் கிளையன்ட் ஐடென்டிஃபையர் இதற்காகவே இருக்கின்றன. இரண்டாவது, 'எஸ்ஏ' பாஸ்வேர்டை மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டு, தேவையான டேபிள்களுக்கு மட்டும் உரிமையுள்ள ஒரு ஐடியைக் கொடுங்கள். 'எஸ்ஏ' பாஸ்வேர்டு ஒரு கான்ஃபிக் ஃபைலில் கிடந்தால், அதைப் படிக்க முடிந்த யாரும் மென்பொருளைத் தாண்டி நேராக டேட்டாபேஸில் தொகையை மாற்றலாம். மென்பொருளின் லாக்கில் ஒன்றும் விழாது.

கம்பெனிகளுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் இருக்க வேண்டும், மாற்றங்களுக்குத் தேதியோடு எடிட் லாக் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. ஆடிட்டர் தன் அறிக்கையில், அது ஆண்டு முழுக்க ஓடியதா, யாராவது கை வைத்தார்களா என்று எழுத வேண்டும். பல கம்பெனிகளின் ஆடிட் அறிக்கையில், மென்பொருள் அளவில் இருந்தது, டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு இல்லை என்ற குறிப்பு வந்ததற்குக் காரணம் மேலே சொன்னதுதான்.

டேலி பிரைம் கணக்கு மென்பொருளின் எடிட் லாக் பதிப்பில் பதிவை அணைக்க முடியாது. அதை வாங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். கம்பெனி டேட்டாவுக்கு யூசர் கட்டுப்பாடு போடாமல் எல்லோரும் ஒரே வழியில் உள்ளே போனால், வவுச்சர் எப்போது மாறியது, முன்பு என்ன தொகை, இப்போது என்ன தொகை என்பதெல்லாம் அழகாக இருக்கும். மாற்றியது யார் என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது. கம்பெனி செட்டிங்கில் யூசர் கட்டுப்பாட்டை இயக்கி, ஆளுக்கொரு ஐடி கொடுத்து, பழைய தேதி வவுச்சரைத் திருத்தும் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள்.

"வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் வருகிறது" அல்லது "பெயருக்குப் பதில் நீளமாக ஓர் எண் வருகிறது"

முதலாவது, ஐடியை மூடவில்லை. பதிலுக்கு வந்தவர் அதே ஐடியில் வேலை பார்க்கிறார். கடைசி வேலை நாளன்று மூடுவதை சம்பளக் கணக்கு முடிப்பதோடு கோத்துவிடுங்கள்; ஐடியை மூடிய கையெழுத்து இல்லாமல் கணக்கு முடியாது.

இரண்டாவது, அவசரப்பட்டு அழித்துவிட்டார்கள். விண்டோஸ் லாக்கில் உள்ளே இருப்பது பெயரல்ல, எஸ்-1-5-21 என்று தொடங்கும் அடையாள எண். பார்க்கும்போதுதான் அதைப் பெயராக மாற்றிக் காட்டும். ஐடியை அழித்துவிட்டால் மாற்றிக் காட்ட ஆளில்லை. அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் புதிய எண்தான் வரும். அதனால் அழிக்காமல் முடக்கி வையுங்கள், குறைந்தது லாக் வைத்திருக்கும் காலம் வரையாவது. ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால் டொமைன் கன்ட்ரோலரில் 4726ஐத் தேடுங்கள், அழித்தபோது பெயரும் எண்ணும் சேர்ந்து அதில் பதிவாகியிருக்கும். முடக்கியதற்கு 4725, உருவாக்கியதற்கு 4720.

'ஸ்டோர்1', 'பில்லிங்2' என்று பதவிப் பெயரில் ஐடி வைக்கும் அலுவலகங்களில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். மூன்று ஆண்டில் மூன்று பேர் அந்த நாற்காலியில் இருந்திருப்பார்கள். ஐடியை ஆள் பெயரில் வையுங்கள், உரிமையைக் குரூப்பின் பெயரில் கொடுங்கள்.

"லினக்ஸ் சர்வரில் எல்லாமே ரூட்"

ரூட் என்பது லினக்ஸில் எல்லா உரிமையும் உள்ள ஐடி. ஒருவர் தன் ஐடியில் உள்ளே வந்து, சூடோ என்ற கட்டளை வழியாக ரூட் ஷெல்லுக்கு (கட்டளை கொடுக்கும் திரை) போய்விட்டால், ஷெல் திறந்தது மட்டும்தான் சூடோ பதிவில் இருக்கும். அதற்குப் பின் கொடுத்த கட்டளைகள் இருக்காது. லினக்ஸின் ஆடிட் சேவையான ஆடிட்டி ஓடினால், விதிகள் போட்டிருந்தால், அதன் பதிவில் ஏயுஐடி என்ற புலத்தைப் பாருங்கள். ரூட் ஆன பிறகும் முதலில் லாகின் ஆனவரின் எண் அதில் மாறாமல் இருக்கும். அங்கே 4294967295 என்றிருந்தால் அந்தச் செயலுக்கு லாகின் அடையாளமே பதியவில்லை என்று பொருள். சர்வர் எழும்போதே தொடங்கிய சர்வீஸ்களில் இது சகஜம், ஆள் செய்த வேலையில் வந்தால், லாகினைச் சரிபார்க்கும் பாம் (PAM) அமைப்பில் லாகின் யுஐடி பகுதி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நேராக ரூட்டாகவே வருகிறார்கள் என்றால் அதை நிறுத்துவதுதான் தீர்வு. நடந்ததை ஆராய ஒரு வழி மட்டும் உண்டு: ஒவ்வொருவரும் பாஸ்வேர்டுக்குப் பதில் தங்கள் சொந்த டிஜிட்டல் சாவியில் வந்திருந்தால், எஸ்எஸ்எச் பதிவில் அந்தச் சாவியின் கைரேகை எண் இருக்கும். ஒரே சாவியைப் பங்கிட்டிருந்தால் அதுவும் இல்லை.

"நேரம் பொருந்தவில்லை"

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் ஒரு பக்கம் யுடிசி (உலகப் பொது நேரம்), மறுபக்கம் இந்திய நேரம். கிளவுடு லாக்குகள் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும். சில நிமிடம் என்றால் கடிகாரம் ஒத்திசைக்கப்படவில்லை. செர்ட்-இன் உத்தரவு, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல்லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு இணைக்கச் சொல்கிறது. ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருந்தால் 4616ஐத் தேடுங்கள். யாரோ கம்ப்யூட்டர் நேரத்தை மாற்றியிருக்கலாம். சாதாரண யூசருக்கு விண்டோஸ் இந்த உரிமையைத் தராது. ஒருவரால் மாற்ற முடிந்தது என்றால் அவர் பெரும்பாலும் அட்மின் குரூப்பில் இருக்கிறார் என்று பொருள், ஏன் இருக்கிறார் என்று கேளுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

ஷேர் ஃபோல்டரில் ஒரு சோதனை ஃபைல் வையுங்கள். வேறொரு பிரிவில் இருக்கும் ஒருவரிடம் ரகசியமாகச் சொல்லி, அன்றைக்கு ஏதோ ஒரு நேரத்தில், ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அதை அழிக்கச் சொல்லுங்கள். கணக்கு மென்பொருளிலும் ஒரு டம்மி வவுச்சரைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு, இந்த அமைப்பைச் செய்யாத ஒருவர், லாக்கை மட்டும் வைத்து, யார், எப்போது, எங்கிருந்து என்று எழுதித் தரட்டும். சர்வரின் லாக்கிலிருந்து ஒரு முறை, கலெக்டரில் இருக்கும் பிரதியிலிருந்து ஒரு முறை. இரண்டும் ஒத்துப்போய், செய்தவரும் ஆமாம் என்றால் சரி. எங்காவது 'அனேகமாக இவராக இருக்கலாம்' என்று எழுதினால், அந்த 'அனேகமாக' எந்த அறிகுறியின்கீழ் வருகிறதோ அங்கே மறுபடி போங்கள். ஆள் சேரும்போதும் விலகும்போதும், வெண்டர் மாறும்போதும் இந்தச் சோதனையை மறுபடி நடத்துங்கள்.